ஊரிலிருந்து அம்மா, அப்பா வருகிறார்கள்... கெஸ்ட் ரூம் ரெடியா?

வியாழக்கிழமை இரவு போன் வரும். "சனிக்கிழமை காலைல பாண்டியன்ல வர்றோம்மா. எக்மோர்ல ஆட்டோ பிடிச்சு நாங்களே வந்துடுவோம். நீ ஒண்ணும் சிரமப்படாதே." போனை வைத்ததும் மகளின் கண் நேராக அந்த மூடிய கதவின் மீது போகும்.

ஃபிளாட் வாங்கும்போது பிளானில் 'கெஸ்ட் பெட்ரூம்' என்றுதான் போட்டிருந்தது. இப்போது அதற்குள் என்னென்ன இருக்கின்றன? அயர்ன் டேபிள். துணி காயப்போடும் ஸ்டாண்டாகப் பதவி இறக்கம் பெற்ற எக்சர்சைஸ் சைக்கிள். கொலு பொம்மைப் பெட்டிகள். டி.வி வந்த அட்டைப்பெட்டி (வாரன்ட்டி முடிந்து மூன்று வருடமாகிறது). எந்தக் கல்யாணத்தில் வந்தது என்று யாருக்குமே ஞாபகமில்லாத தாம்பூலப் பைகள். கட்டிலின் மேல், மடிப்பதற்காக வைத்து மடிக்காமலே விட்ட துணிக் குவியல். சென்னை, கோவை, பெங்களூரு என்று எங்கே போனாலும் நம்மவர்களின் மூன்றாவது பெட்ரூம் பெரும்பாலும் இதே கோலத்தில்தான் இருக்கிறது.

வருகிறவர்கள் குறை சொல்ல மாட்டார்கள். சிக்கலே அதுதான். "எனக்கு ஹால்ல ஒரு பாயைப் போட்டா போதும்" என்பார் மாமியார். "ஃபேன் இல்லாட்டியும் தூங்கிடுவேன்" என்பார் அப்பா. பத்து நாள் இருப்பதாக வந்தவர்கள், நான்காம் நாள் காலை காபி குடிக்கும்போதே "தோட்டத்துக்குத் தண்ணி விட ஆள் இல்லை, டிக்கெட் போட்டுடேன்" என்று ஆரம்பிப்பார்கள். தோட்டம் உண்மையான காரணமாக இருக்கலாம். ராத்திரி சுவிட்ச் எங்கே என்று தெரியாமல் சுவரைத் தடவிக்கொண்டு நின்றதும், வேறு மாதிரி தலையணையில் கழுத்து பிடித்துக்கொண்டதும், பேரன் லேப்டாப்பை எடுக்க ஐந்து முறை அறைக்குள் வந்து போனதும் காரணமாக இருக்கலாம். கேட்டால் சொல்ல மாட்டார்கள்.

'கெஸ்ட் ரூம் மேக்ஓவர்' என்று தேடினால் வீடியோக்கள் கொட்டுகின்றன. சீரியல் லைட், சுவர் ஸ்டிக்கர், ஏழு குஷன், செயற்கைச் செடி. ஒன்றும் தப்பில்லை, பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் 70 வயது அப்பாவுக்கு ராத்திரி படுக்கும்முன் அந்த ஏழு குஷன்களை எங்கே வைப்பது என்பதே ஒரு கவலை. பெரிய செலவில்லாமல், ஒரு சனி, ஞாயிறுக்குள் முடிகிற வேலைகளை, அங்கே தூங்கப்போகிறவரின் பக்கம் நின்று பார்க்கலாம்.

முதலில் நீங்கள் படுத்துப் பாருங்கள்

எதையும் வாங்குவதற்கு முன் செய்யவேண்டிய வேலை இது. செலவே கிடையாது. ஒரு ராத்திரி அந்த அறையில் நீங்களோ உங்கள் கணவரோ படுத்துத் தூங்குங்கள். முழு ராத்திரி முடியாவிட்டால், விளக்கை அணைத்துவிட்டு அரை மணி நேரமாவது படுத்திருங்கள்.

பகலில் தெரியாததெல்லாம் அப்போது தெரியவரும். ஃபேன் மூன்றாம் நம்பரில் 'டக் டக்' என்று அடிக்கும். எதிர் ஃபிளாட்டின் பால்கனி லைட் நேராகக் கண்ணில் விழும். ஜன்னல் வலையின் ஓரம் பிய்ந்திருக்கும், கொசு அந்த வழியைச் சரியாகக் கண்டுபிடித்திருக்கும். படுத்தபடி கையை நீட்டினால் சுவிட்ச் எட்டாது. போனுக்குச் சார்ஜ் போட பிளக் பாயின்ட் கட்டிலுக்குப் பின்னால் மறைந்திருக்கும். கண்ணாடியைக் கழற்றி வைக்கவும், மாத்திரை டப்பாவையும் தண்ணீர் சொம்பையும் வைக்கவும் பக்கத்தில் ஓர் இடம் இருக்காது.

இந்தக் குறைகளை ஒரு தாளில் எழுதிக்கொண்டால், வேலைப் பட்டியல் அதுவே. பெரும்பாலும் அதில் பெயின்ட், கர்ட்டன் எல்லாம் இருக்காது. ஒரு ஸ்டூல், ஓர் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், ஃபேனுக்கு எலக்ட்ரீஷியன், இவ்வளவுதான் இருக்கும்.

உள்ளே வாங்கி வைக்கும் முன், வெளியே எடுங்கள்

அறையைப் புதிதாக்கும் மிக விரைவான வழி, அதிலிருந்து பொருள்களை எடுப்பது. எல்லாவற்றையும் எடுக்க முடியாது என்பது உண்மை. கொலு பொம்மைகள் புரட்டாசி வரை எங்கே போகும்? பரணில் இடமிருந்தால் பரணுக்கு. இல்லையென்றால் ஒரே அளவு பெட்டிகளாக மாற்றி, ஒரே மூலையில் அடுக்கி, மேலே ஒரு பழைய பெட்ஷீட்டைப் போர்த்திவிடுங்கள். எட்டு விதமான பெட்டிகள் எட்டு இடத்தில் இருப்பதுதான் கண்ணை உறுத்தும்.

கட்டிலுக்கு அடியில் தள்ளுவதில் கொஞ்சம் கவனம் தேவை. அங்கே நெருக்கமாக அடைத்துவிட்டால் பெருக்க முடியாது. தூசியும் கரப்பானும் சேரும். தும்மல் உள்ளவர் அந்தக் கட்டிலில் படுத்தால் விடிய விடிய தும்முவார்.

அலமாரியில் ஒரே ஒரு தட்டை முழுசாகக் காலி செய்யுங்கள். பாதித் தட்டு வேண்டாம். உங்கள் பட்டுப்புடவைக்குப் பக்கத்தில் தன் வேட்டியை வைக்க மாமனாருக்குக் கூச்சமாக இருக்கும். கடைசியில் கிளம்பும் வரை எல்லாம் பெட்டியிலேயே கிடக்கும். நான்கைந்து ஹேங்கர், கதவுக்குப் பின்னால் சட்டை மாட்ட இரண்டு கொக்கி, பெட்டியைத் தரையில் வைத்துக் குனிந்து திறக்க வேண்டியதில்லாமல் ஒரு பெஞ்சோ ஸ்டூலோ. முட்டி வலிக்காரர்களுக்கு இந்தக் கடைசிப் பொருள் பெரிய உபகாரம்.

இன்னொன்று. நீங்கள் தினமும் எடுக்கும் பொருள் எதுவும் அந்த அறையில் இருக்கக் கூடாது. ஆபீஸ் பேக், குழந்தையின் யூனிஃபார்ம், அயர்ன் பாக்ஸ், லேப்டாப் சார்ஜர் எல்லாவற்றையும் அவர்கள் வருவதற்கு முன்பே வேறு அறைக்கு மாற்றிவிடுங்கள். காலை ஏழு மணிக்குக் கதவைத் தட்டி, "தூங்குங்க தூங்குங்க, சாக்ஸ் மட்டும் எடுத்துக்கறேன்" என்று சொன்ன பிறகு யார் தூங்குவார்கள்?

மூடிய அறையின் வாசனை

ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்து பொங்கலுக்குத் திறக்கும் அறையில் ஒரு வாசனை இருக்கும். ஈரத் துணியும் பழைய புத்தகமும் கலந்த மாதிரி. ரூம் ஸ்ப்ரே அடித்தால் மல்லிகைப்பூ வாசனையோடு சேர்ந்த ஈரத்துணி வாசனை வரும், அவ்வளவுதான். வாசனை எங்கிருந்து வருகிறது என்று தேட வேண்டும்.

முதல் சந்தேகம் அட்டாச்டு பாத்ரூம். பல வாரம் யாரும் பயன்படுத்தாத பாத்ரூமில் சாக்கடை வாடை வந்தால், பிளம்பரைக் கூப்பிடும் முன் தரையில் உள்ள வடிகால் ஓட்டையில் ஒரு பக்கெட் தண்ணீரை ஊற்றிப் பாருங்கள். அந்தச் சல்லடை மூடிக்கு அடியில், நானி ட்ராப் என்று பிளம்பர்கள் சொல்லும் கிண்ணம் போன்ற அமைப்பில், எப்போதும் கொஞ்சம் தண்ணீர் தேங்கி நிற்கும். கீழே குழாயில் இருக்கும் காற்று மேலே வராமல் தடுக்கும் மூடி அந்தத் தண்ணீர்தான். பயன்படுத்தாவிட்டால் அது வற்றி, வழி திறந்துகொள்கிறது. வாஷ்பேசினுக்கும் இதே கதைதான், ஒரு நிமிடம் குழாயைத் திறந்துவிட்டால் சரியாகிவிடும்.

அந்தப் பாத்ரூமில் பார்க்கவேண்டிய இன்னொரு விஷயம் கொசு. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். முட்டை கொசுவாகப் பறக்க ஒரு வாரம் முதல் பத்து நாள் போதும். மூலையில் மறந்துபோன பாதி பக்கெட் தண்ணீர், யாரும் ஃப்ளஷ் செய்யாத டாய்லெட் இரண்டுமே அதற்கு வசதியான இடங்கள். முட்டைகள் தண்ணீர் இல்லாமலும் மாதக்கணக்கில் தாக்குப்பிடிக்கும். அதனால் பக்கெட்டைக் கவிழ்த்தால் மட்டும் போதாது, உள்பக்கத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும்.

இரண்டாவது சந்தேகம் சுவர். அலமாரிக்குப் பின்னாலோ பாத்ரூமை ஒட்டிய சுவரிலோ பெயின்ட் பொரிந்து உப்புப் பூத்திருந்தால், அது நீர்க்கசிவு. அதன் மேல் வால்பேப்பரோ பி.வி.சி பேனலோ ஒட்டி மறைக்கலாம் என்று கடைக்காரர் சொல்வார். ஈரம் உள்ளேயே தங்கிப் பூஞ்சை இன்னும் வளரும். கசிவைச் சரிசெய்யும் வரை அலமாரியைச் சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளி வைத்து, ஜன்னலைத் தினமும் திறந்து வைப்பது மேல்.

மூன்றாவது அலமாரி. இங்கே ஒரு எச்சரிக்கை இருக்கிறது. நம் வீடுகளில் போர்வை, ஸ்வெட்டருக்கு இடையே அந்துருண்டை போடுவது வழக்கம். பெரும்பாலும் அது நாப்தலின். வருகிற விருந்தாளி கைக்குழந்தையோடு வரும் நாத்தனாரோ, பிரசவம் முடிந்து வரும் தங்கையோ என்றால், அந்தப் போர்வையை அப்படியே எடுத்துக் குழந்தைக்குப் போர்த்தாதீர்கள். ஜி6பிடி என்ற என்சைம் குறைவாக உள்ள குழந்தைகளுக்கு நாப்தலின் ஆவியே ரத்தச் சிவப்பணுக்களை உடைத்து, கடுமையான மஞ்சள் காமாலையில் கொண்டுபோய் விடலாம். அந்தக் குறைபாடு இருப்பது பல குடும்பங்களுக்குத் தெரிந்திருக்காது. உருண்டைகளை எடுத்துவிட்டு, துணிகளைத் துவைத்து, வாசனை போகும்வரை வெயிலில் காயப்போட்ட பிறகே பயன்படுத்துங்கள். தவழும் குழந்தை வருகிறதென்றால் வாஷ்பேசின் ஓட்டையில் போட்ட உருண்டை, அலமாரியின் கீழ்த்தட்டு உருண்டை எல்லாவற்றையும் வெளியே போட்டுவிடுங்கள். பார்ப்பதற்கு மிட்டாய் மாதிரியே இருப்பதுதான் அதன் ஆபத்து. துணி வைத்திருக்கும் தட்டில் காய்ந்த வேப்பிலையை மெல்லிய துணியில் கட்டி வைப்பது பாட்டி காலத்து வழி.

சாம்பிராணி போடலாமா? வெள்ளிக்கிழமை சாம்பிராணி போட்ட அறைக்குள் நுழைவதே தனிச் சுகம். ஆனால் வீசிங், ஆஸ்துமா உள்ளவர் வருகிறார் என்றால் வேண்டாம். போட்டே ஆகவேண்டும் என்றால் முந்தின நாள் போட்டு, ஜன்னலைத் திறந்து புகையை வெளியேற்றிவிடுங்கள்.

ஏ.சி இருந்தால், முன்பக்க மூடியைத் திறந்து வலை போன்ற ஃபில்டரைக் கழற்றி, தண்ணீரில் அலசி, நிழலில் காயவைத்து மாட்டுங்கள். விருந்தாளி வரும் முன் ஜன்னலைத் திறந்துவைத்து அரை மணி நேரம் ஓடவிடுங்கள். முதல் காற்றின் புழுக்க வாசனை உங்களோடு போகட்டும். ஃபேன் இறக்கையைத் துடைக்க ஓர் எளிய வழி: ஃபேனை அணைத்துவிட்டு, பழைய தலையணை உறையை இறக்கைக்கு உறை போல மாட்டி, அழுத்தியபடி இழுங்கள். தூசி கட்டிலில் கொட்டாமல் உறைக்குள்ளேயே விழும்.

மெத்தை, தலையணை, போர்வை

புது மெத்தை வாங்க வேண்டுமா என்பதுதான் எல்லோருடைய முதல் கேள்வி. பெரும்பாலும் வேண்டாம். கட்டிலில் இருப்பது இலவம்பஞ்சு மெத்தை என்றால் ஒரு நாள் முழுக்க மொட்டைமாடி வெயிலில், மதியம் ஒருமுறை திருப்பிப் போட்டுக் காயவையுங்கள். காய்ந்த பஞ்சு உப்பிக்கொண்டு வரும். நடுவில் பள்ளம் விழுந்து பஞ்சு கட்டி கட்டியாகத் திரண்டிருந்தால் வெயில் போதாது. பிரித்து, பஞ்சு அடித்து, மறுபடி தைக்க வேண்டும். புது மெத்தை விலையோடு ஒப்பிட்டால் அந்தக் கூலி குறைவுதான். தேங்காய் நார் மெத்தை என்றால் தலை, கால் பக்கத்தை மாற்றிப் போடுங்கள். ஃபோம் மெத்தையை உச்சி வெயிலில் போடாதீர்கள். நிழலில், காற்றில் நிமிர்த்தி வைத்தால் போதும்.

வெயிலில் போட்டால் மூட்டைப்பூச்சி ஓடிவிடும் என்பது பாதிதான் உண்மை. மேல் துணி கொதித்தாலும் மெத்தையின் உள்ளே சூடு அவ்வளவு ஏறாது. அது உள்ளே நகர்ந்து உட்கார்ந்துகொள்ளும். மெத்தையின் ஓரத் தையல், கட்டில் சட்டங்கள் சேரும் இடுக்கு இரண்டிலும் டார்ச் அடித்துப் பாருங்கள். சிறு கறுப்புப் புள்ளிகள் வரிசையாக இருந்தால் விருந்தாளி வரும் முன்பே பூச்சி மருந்து ஆட்களைக் கூப்பிடுவதுதான் மரியாதை.

கட்டிலின் உயரத்தை ஒருமுறை பாருங்கள். மெத்தையின் ஓரத்தில் உட்கார்ந்தால் இரண்டு பாதங்களும் தரையில் முழுசாகப் பதிய வேண்டும். பாக்ஸ் கட்டில் மேல் பத்து அங்குல ஸ்பிரிங் மெத்தையைப் போட்டால், ஐந்தடிக்குக் குறைவான அம்மாவுக்குக் கால் தொங்கும். ஏறவும் இறங்கவும் பயப்படுவார். "பாய் போதும்" என்று அவர் சொல்வதற்கு இதுகூடக் காரணமாக இருக்கலாம். அதேபோல, உண்மையிலேயே தரையில் படுத்துப் பழகியவர்கள் இருக்கிறார்கள். அவர்களைக் கட்டிலில் ஏற்றுவது உபசாரமல்ல. நல்ல கோரைப்பாய் ஒன்றும், அதன்மேல் விரிக்க ஒரு பவானி ஜமுக்காளமும் அறையின் மூலையில் சுருட்டி நிற்கட்டும். அவர்களே எடுத்து விரித்துக்கொள்வார்கள்.

தலையணை ஆளுக்கு இரண்டு. ஒன்று உயரம், ஒன்று தட்டை. எது வேண்டும் என்று கேட்டால் "எதுன்னாலும் சரி" என்றுதான் பதில் வரும். அதனால் இரண்டையும் வைத்துவிடுங்கள். பழைய தலையணைக்குப் புது உறை போடும் முன் ஒருமுறை முகர்ந்து பாருங்கள். எண்ணெய்ப் பிசுக்கு வாடை வந்தால் உறை மாற்றிப் பயனில்லை. தலையணையையே மாற்றும் நேரம் வந்துவிட்டது.

விரிப்பில் சிக்கனம் வேண்டாம். அதற்காகப் பெரிய விலையும் வேண்டாம். கரூரிலும் சென்னிமலையிலும் நெய்யப்படும் பருத்தி பெட்ஷீட்டுகள் நம் ஊர்க் காலநிலைக்கு ஏற்றவை, வியர்வையை உறிஞ்சும். பளபளக்கும் சாட்டின், பாலியஸ்டர் விரிப்புகள் போட்டோவில்தான் அழகு, மே மாதத்தில் முதுகில் ஒட்டிக்கொள்ளும். புதிய விரிப்பை ஒருமுறை அலசிய பிறகே விரியுங்கள், கஞ்சி மொடமொடப்பு போய்விடும். அலமாரியில் பல மாதம் இருந்த விரிப்பைச் சுத்தமாகத் தெரிந்தாலும் துவைத்துவிடுங்கள். வாஷிங்மெஷினில் 60 டிகிரி சுடுநீர் வசதி இருந்தால் நல்லது, அந்தச் சூட்டில் தூசிப்பூச்சிகளும் அழிந்துவிடும். கால்மாட்டில் ஆளுக்கொரு போர்வை. கணவன், மனைவியாக வந்தாலும் இரண்டு போர்வை வேண்டும். 40 வருடக் குடித்தனத்தில் யார் போர்வையை இழுப்பார் என்பது அவர்களுக்குத் தெரியும்.

ராத்திரி இரண்டு மணிக்கு பாத்ரூம்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் செய்ய நேரமிருக்கிறது என்றால், இதைச் செய்யுங்கள்.

வயதானவர்கள் வீட்டுக்குள் விழுவதில் பாத்ரூமுக்கும் அதற்குப் போகும் வழிக்கும் பெரிய பங்குண்டு. சொந்த வீட்டில் கண்ணை மூடிக்கொண்டு போவார்கள். கதவு எத்தனை அடி, படி எவ்வளவு உயரம் என்பதெல்லாம் உடம்புக்குத் தெரியும். உங்கள் வீட்டில் அது தெரியாது. பிரஷர் மாத்திரை சாப்பிடுபவர்களுக்குச் சட்டென்று எழுந்தால் தலை சுற்றலாம். நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுபவர்கள் ராத்திரியில் இரண்டு, மூன்று தடவை எழுந்திருக்க வேண்டியிருக்கலாம். இடுப்பு எலும்பு முறிந்தால் ஆபரேஷன், மாதக்கணக்கில் படுக்கை என்று அந்த வருகையே வேறு மாதிரி ஆகிவிடும்.

செய்யவேண்டியவை சின்ன வேலைகள். கட்டிலிலிருந்து பாத்ரூம் வரை ஒரு பொருளும் இல்லாத வழி வேண்டும். ஒயர், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், ஓரம் சுருண்ட மிதியடி எதுவும் குறுக்கே வரக் கூடாது. பிளக்கில் செருகும் அரை வாட் எல்.இ.டி நைட் லேம்ப் ஒன்றை அறையிலும், இன்னொன்றைப் பாத்ரூமுக்கு வெளியிலும் போடுங்கள். ராத்திரி முழுக்க எரிந்தாலும் கரன்ட் பில்லில் தெரியாது. பாத்ரூம் அறைக்கு வெளியே, ஹாலைக் கடந்து இருந்தால் ஹாலில் ஒரு விளக்கு எரியட்டும்.

பாத்ரூமுக்குள் ரப்பர் மேட் போடுவதானால் அடியில் உறிஞ்சுகுமிழ் உள்ளதாகப் பாருங்கள். வழுக்கும் மேட், மேட் இல்லாததைவிட மோசம். ராத்திரி படுக்கும்முன் தரையை வைப்பரால் தள்ளி உலர்த்திவிடுங்கள். ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலை உள்ளே வைத்தால் உட்கார்ந்து குளிப்பார்கள். கால் அகலமான, கனமான ஸ்டூலாக இருக்கட்டும். டவல் கம்பியைப் பிடித்து எழுந்திருக்க முயற்சி செய்வார்கள், அது கையோடு வந்துவிடும். அடிக்கடி வருகிறவர்கள் என்றால் டாய்லெட்டுக்குப் பக்கத்தில் ஒரு கைப்பிடியை எலக்ட்ரீஷியனிடமோ பிளம்பரிடமோ சொல்லிச் சுவரில் துளையிட்டுப் பொருத்திவிடுங்கள். கதவுத் தாழ்ப்பாள் எளிதாகத் திறக்கிறதா என்றும் பாருங்கள். மழைக்கு உப்பிய மரக்கதவுக்குள் ஒருவர் மாட்டிக்கொண்டால் வெளியிலிருந்து திறக்க வழியிருக்க வேண்டும்.

கீஸர், மிக்ஸர் குழாய் இரண்டையும் வந்த அன்றே காட்டிக் கொடுங்கள். கேட்கத் தயங்கிப் பச்சைத் தண்ணீரில் குளித்துவிட்டு "நல்லாத்தான் இருந்துச்சு" என்பார்கள். வெந்நீர் பக்கம் சிவப்பு ஸ்டிக்கர்ப் பொட்டு ஒன்றை ஒட்டிவிட்டால் போதும். கீஸரின் வெப்ப அளவைக் குறைத்து வையுங்கள். 60 டிகிரி தண்ணீர் சில விநாடிகளிலேயே தோலைச் சுட்டுவிடும். சர்க்கரை நோயால் கால் மரத்துப்போனவர்களுக்குச் சுட்டதே உடனே தெரியாது.

சுவர், ஸ்கிரீன், வெளிச்சம்

இனி அழகு. முதலில் பல்பை மாற்றுங்கள். பல வீடுகளில் கெஸ்ட் ரூமில் எரிவது 6500 கெல்வின் என்று அட்டையில் போட்டிருக்கும் வெள்ளை வெளிச்சம், ஆபீஸ் மாதிரி இருக்கும். 2700 முதல் 3000 கெல்வின் வரையிலான 'வார்ம் ஒயிட்' பல்பைப் போட்டால் அதே பழைய சுவர், அதே பழைய கட்டில் வேறு அறை போலத் தெரியும். ஆனால் பத்திரிகை படிக்கவும் ஊசியில் நூல் கோக்கவும் நல்ல வெளிச்சம் வேண்டும். அதனால் டியூப்லைட்டைக் கழற்றிவிடாதீர்கள், இரண்டும் இருக்கட்டும்.

பழைய சுங்குடிப் புடவை ஒன்று உள்ளதா? ஐந்தரை மீட்டர் புடவையை இரண்டாக வெட்டினால் ஒவ்வொன்றும் ஒன்பது அடி வரும். மேலே கம்பி நுழைய மடித்து, கீழே பட்டையாக மடித்துத் தைத்தால் ஏழடி உயர ஸ்கிரீன் இரண்டு கிடைக்கும். அம்மாவின் பழைய புடவையாக இருந்தால், வந்து நுழைந்ததும் அவர் முதலில் தொட்டுப் பார்ப்பது அதைத்தான்.

பெயின்ட் அடிக்கும் ஆசை இருந்தால் முழு அறை வேண்டாம். தலைமாட்டுச் சுவர் ஒன்றே போதும். பத்துக்குப் பத்தடி சுவருக்கு இரண்டு கோட் அடிக்க ஏறக்குறைய ஒரு லிட்டர் எமல்ஷன் ஆகும். அடித்த அன்று ராத்திரி யாரையும் அங்கே படுக்க வைக்காதீர்கள். குறைந்தது இரண்டு, மூன்று நாள் ஜன்னல் திறந்திருக்க வேண்டும். போன் வந்த பிறகு ஆரம்பிக்கிற வேலையல்ல இது.

சுவரில் ஒரு தினசரி காலண்டர் மாட்டுங்கள். ராகு காலம், எமகண்டம், அமாவாசை எல்லாம் போட்ட, தாள் கிழிக்கும் காலண்டர். போன் ஆப்பில் இருக்கிறதே என்று நினைக்க வேண்டாம். காலையில் எழுந்து நேற்றைய தாளைக் கிழிப்பது அவர்களுடைய வேலை. பெரிய எண் உள்ள கடிகாரம் ஒன்று, டிக் டிக் சத்தம் இல்லாததாக. தலைவாரவும் பொட்டு வைக்கவும் ஒரு கண்ணாடி, ஆறடி மருமகனின் உயரத்துக்கு மாட்டாமல் மாமியாரின் உயரத்துக்கு. வைஃபை பாஸ்வேர்டைப் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டினால், மாமா ஒவ்வொரு முறையும் பேரனைத் தேட வேண்டாம். ஏ.சி ரிமோட்டில் ஆன், ஆஃப் பட்டன் மேலும் ஒரு ஸ்டிக்கர்.

தனி அறையே இல்லையென்றால்

ஒரு பெட்ரூம் வீட்டில் இருப்பவர்கள் இதுவரை படித்துவிட்டுப் பெருமூச்சு விட்டிருக்கலாம். ஹாலில்தான் படுக்கை என்றாலும் மேலே சொன்னதில் பாதி செய்யலாம். ஹாலின் ஒரு மூலையில் கம்பி கட்டி இழுத்து மூடும் ஸ்கிரீன், ஒரு ஸ்டூல், ஒரு நைட் லேம்ப், அவர்களுக்கென்று ஒரு கூடை. டி.வி பத்து மணிக்கு அணைந்துவிட வேண்டும். கஷ்டமான பகுதி அதுதான், ஸ்கிரீன் கட்டுவது இல்லை. ஹாலில் படுப்பவர் எல்லோரும் தூங்கிய பிறகே தூங்க முடியும், எல்லோருக்கும் முன்பே எழுந்து பாயைச் சுருட்ட வேண்டும். முடிந்தால் வயதானவர்களுக்குப் பெட்ரூமைக் கொடுத்துவிட்டு இளையவர்கள் ஹாலுக்கு வருவது நல்லது. "வேண்டவே வேண்டாம்" என்பார்கள். அவர்கள் வரும் முன்பே விரிப்பை மாற்றி வைத்துவிட்டால் அந்த வாக்குவாதமே வராது.

ஒரு மணி நேரம்தான் இருக்கிறது என்றால்

ரயில் தாம்பரம் தாண்டிவிட்டது என்று போன் வந்துவிட்டதா? ஜன்னல்களைத் திறங்கள், ஃபேனை வேகமாக வையுங்கள். பாத்ரூம் வடிகாலில் தண்ணீர் ஊற்றி, டாய்லெட்டை ஃப்ளஷ் செய்யுங்கள். கட்டில் மேல் இருப்பதை எல்லாம் ஒரே பெட்ஷீட்டில் மூட்டையாகக் கட்டி உங்கள் அறைக்குள் தள்ளிவிடுங்கள், பிறகு பார்த்துக்கொள்ளலாம். துவைத்த விரிப்பு, துவைத்த உறை, துவைத்த டவல். சொம்பில் தண்ணீர், மேலே ஒரு டம்ளர். கட்டிலிலிருந்து கதவு வரை பெருக்கித் துடையுங்கள். மற்றதெல்லாம் நாளைக்கு.

அவர்கள் கிளம்பிய பிறகு

அடுத்த முறை வேலையைக் குறைக்கும் ஐந்து நிமிட வேலை இது. அன்றே விரிப்புகளைத் துவைக்கப் போடுங்கள். மெத்தையைச் சுவரில் சாய்த்து ஒரு நாள் காற்றாட விடுங்கள். பாத்ரூமில் பக்கெட்டைக் கவிழ்த்து, டாய்லெட் மூடியை மூடுங்கள். வாரம் ஒருமுறை ஃப்ளஷ் செய்யவும், வடிகாலில் தண்ணீர் ஊற்றவும் போனில் ஓர் அலாரம். காலி செய்த அந்த ஒரு தட்டைக் காலியாகவே விடுங்கள். அப்பா மறந்துவிட்டுப் போன மூக்குக் கண்ணாடி உறையோ, அம்மா வேண்டுமென்றே விட்டுப்போன பழைய நைட்டியோ இருந்தால், அது அங்கேயே இருக்கட்டும். கூரியரில் அனுப்ப வேண்டாம்.